கையால் இறங்காத கப்பை ஸ்பானரால் இறக்காதீர்கள்: மவுண்டன் பைக்கில் பாட்டம் பிராக்கெட்டும் கிராங்க்கும் மாட்டுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வெறும் ஃபிரேம் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பழைய மவுண்டன் பைக்கிலிருந்து கழற்றிய ஷிமானோ கிராங்க் செட் (பெடல்கள் மாட்டும் இரண்டு கைகளும் அவற்றை இணைக்கும் அச்சும்) கையில் இருக்கிறது, அதன் அச்சு 24 மி.மீ. தடிமன். அந்த அச்சைத் தாங்கும் பேரிங் தொகுப்பான பாட்டம் பிராக்கெட்டும் புதிதாக வாங்கியாகிவிட்டது. அது மாட்டும் ஷெல்லை, அதாவது ஃபிரேமின் அடியில் உள்ள குறுக்குக் குழாயை, அளந்தால் அகலம் 73 மி.மீ. வருகிறது. பெட்டியில் மூன்று பிளாஸ்டிக் வளையங்கள் இருந்தன, எதை எந்தப் பக்கம் போடுவது என்று புரியவில்லை. ஷெல்லின் இரு பக்கமும் திருகும் கப்களில் (பேரிங் வைத்த கிண்ணங்கள்) வலப்பக்கத்தது இரண்டு சுற்று இறங்கி நின்றுவிட்டது. ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகி இன்னும் கொஞ்சம் அழுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். பைப்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சைக்கிளில் எதை உடைத்தாலும் புதிது வாங்கிவிடலாம். ஷெல்லின் மரையைக் கெடுத்தால் மட்டும் கெட்டது ஃபிரேம். கப் அலுமினியம், உங்கள் ஃபிரேமும் அநேகமாக அலுமினியம். இரண்டும் மென்மையான உலோகம். கோணலாக ஏறிய கப்பை நீண்ட கைப்பிடியால் திருகினால் அது முரண்டு பிடிக்காது, தனக்குப் புது மரையை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். போகும்போது சுகமாகத்தான் இருக்கும். கழற்றும்போதுதான் வெள்ளி நிறச் சுருள் கம்பியாக ஃபிரேமின் மரை கூடவே வெளியே வரும். நான் ஒரு முறை அதைப் பார்த்திருக்கிறேன், என் கையாலேயே செய்தது. அன்றைக்கு மரை கழன்றது ஃபிரேமுக்கா எனக்கா என்று வீட்டில் கேட்டார்கள்.

முதலில் எந்தப் பக்கம் திருகுகிறீர்கள் என்று பாருங்கள். 68 அல்லது 73 மி.மீ. அகலமும் உள்ளே மரையும் இருந்தால், மவுண்டன் பைக்கில் அது கிட்டத்தட்ட எப்போதும் பி.எஸ்.ஏ. எனப்படும் மரை வகைதான். 1.37 அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு 24 மரை. இதில் செயின் இருக்கும் வலப்பக்கம் இடஞ்சுழி மரை. வழக்கமான போல்ட்டுக்கு நேரெதிராக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். இடப்பக்கம் வழக்கமான மரை. எது எந்தப் பக்கம் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சைக்கிள் நேராக நிற்கும்போது, ஸ்பானரின் கைப்பிடியை மேல்நோக்கிப் பிடித்துப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு கப்பும் இறுகும். முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டும் கழலும். பெடல் கட்டைகளுக்கு இதன் தலைகீழ், முன்பக்கம் தள்ளினால் இறுகும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து வேலை செய்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக் கவிழ்த்துக்கொள்ளவும்.

ஏன் இப்படி ஒரு வம்பு என்று கேட்டால், பேரிங் குண்டுகளைத்தான் கேட்க வேண்டும். சுமையோடு அவை கப்பின் உள்ளே சுற்றி ஓடும்போது, கப்பைத் தாம் ஓடும் திசைக்கு எதிராகத் துளித்துளியாக நகர்த்தப் பார்க்கும். வலப்பக்கம் வழக்கமான மரை இருந்தால் அந்த நகர்வு கப்பைக் கழற்றும் பக்கம் போகும். இடஞ்சுழி மரை இருந்தால் அதே நகர்வு இறுக்கும் பக்கம் போகும். இத்தாலிய முறையில் இரண்டு பக்கமும் ஒரே வழக்கமான மரைதான். அந்த ஃபிரேம்களில் வலப்பக்கக் கப் தானாகத் தளர்வது பழைய தலைவலி. அது 70 மி.மீ. அகலம், பெரும்பாலும் ரோடு பைக்கில்தான் வரும், அதனால் உங்களுக்குக் கவலையில்லை.

கப்களின் மேலேயே வலது இடது என்று பொறித்திருப்பார்கள், இறுக்கும் திசைக்கு அம்புக்குறியும் இருக்கும். உங்களுடையதில் இரண்டு சுற்று இறங்கியிருக்கிறது என்பதால் கப் மாறியிருக்க வாய்ப்புக் குறைவு. ஷெல்லுக்குள் பெயிண்ட் இருக்க வேண்டும், அல்லது கப் கோணலாக ஏறியிருக்க வேண்டும். புது ஃபிரேம்களில் முதலாவது சர்வ சாதாரணம். வெளியே தெளித்த பெயிண்ட் உள்ளேயும் போய் மரைப் பள்ளங்களில் காய்ந்து கிடக்கும்.

கப்பைக் கழற்றுங்கள். டார்ச் அடித்து மரையைப் பாருங்கள். ஃபிரேமின் நிறத்திலேயே பளபளவென்று தெரிந்தால் பெயிண்ட். பழைய டூத் பிரஷ்ஷில் மண்ணெண்ணெயோ டிகிரீசரோ தொட்டுத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். உலோகத் துகள், வெல்டிங் பொடி எல்லாம் அதில் வந்துவிடும். காய்ந்த பெயிண்ட் மட்டும் அவ்வளவு சுலபமாக வராது. அதற்கென்று டேப் இருக்கிறது, மரையைச் சுத்தமாக வெட்டிவிடும் கருவி, வலதுக்கும் இடதுக்குமாக ஜோடியாக வரும். விலை அதிகம், ஆயுளில் இரண்டு முறைதான் தேவைப்படும். அதனால் அதை வைத்திருக்கும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் ஃபிரேமைக் கொண்டுபோவது புத்திசாலித்தனம். கையோடு ஷெல்லின் இரு முகங்களையும் ஒன்றுக்கொன்று இணையாக இழைத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் பாட்டம் பிராக்கெட்டில் பேரிங்குகள் ஷெல்லுக்கு வெளியே உட்காருகின்றன. முகம் கோணலாக இருந்தால் இரண்டு பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் வராது, அச்சு உள்ளேயே நெரிபடும், பேரிங்கின் ஆயுள் குறையும்.

மெக்கானிக் இல்லாத இடத்தில் நான் செய்த ஒரு பட்டிக்காட்டு வைத்தியத்தையும் சொல்கிறேன். பழைய ஸ்டீல் கப் ஒன்றை எடுத்து, அதன் மரையின் குறுக்கே ஹேக்ஸா பிளேடால் மூன்று நான்கு பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். நன்றாக எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று கையால் இறக்குங்கள். பெயிண்ட் சுரண்டப்பட்டுப் பள்ளங்களில் சேரும். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி. பெயிண்டுக்கு மட்டும்தான் இது. மரை ஏற்கெனவே அடிவாங்கியிருந்தால் இந்த வைத்தியம் நோயை முற்ற வைக்கும்.

சரி, மரை சுத்தமாகிவிட்டது. இனி கப்பைப் பிடிக்கும் விதம். ஷெல்லின் வாயில் கப்பைத் தட்டையாக வைத்து, இறுக்கும் திசைக்கு எதிராக, அதாவது கழற்றும் பக்கமாக, மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு சுற்றுக்குள் ‘டக்’கென்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். கப்பின் மரைத் தொடக்கம் ஷெல்லின் மரைத் தொடக்கத்தைத் தாண்டி விழுகிற இடம் அது. அங்கிருந்து இறுக்கும் பக்கம் திருப்பினால் பிசகாமல் பிடிக்கும். ஒரு சுற்று போனதும் கப்பின் விளிம்புக்கும் ஷெல்லின் முகத்துக்கும் இடையே உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருந்தால் கோணல், வெளியே எடுத்து முதலிலிருந்து ஆரம்பியுங்கள். நன்றாக ஏறும் கப் விரலாலேயே கடைசிச் சில மரை வரை போய்விடும். போகவில்லை என்றால் பெயிண்ட் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஸ்பானருக்கு வேலை கடைசிக் கால் சுற்றில்தான்.

கிரீஸில் கஞ்சத்தனம் வேண்டாம். கப்பின் மரை முழுக்க, ஷெல்லின் மரை முழுக்க, கப்பின் விளிம்பு ஷெல்லோடு உரசும் முகத்திலும். பிதுங்கி வருவதைக் கடைசியில் துடைத்துக்கொள்ளலாம். காய்ந்த மரையில் ஏறிய அலுமினியக் கப் தண்ணீரும் வியர்வையும் பட்டு இரண்டு வருடத்தில் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும். டைட்டானியம் ஃபிரேம் என்றால் கிரீஸுக்குப் பதில், உலோகங்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசை.

இப்போது அந்த மூன்று வளையங்கள். ஒவ்வொன்றும் 2.5 மி.மீ. தடிமன் கொண்ட ஸ்பேசர். ஒரே பாட்டம் பிராக்கெட்டை 68 மி.மீ. ஷெல்லுக்கும் 73 மி.மீ. ஷெல்லுக்கும் விற்கிறார்கள். ஆனால் கிராங்க்கின் அச்சு ஒரே நீளம்தான். ஆகவே இரண்டு ஷெல்லும் கடைசியில் ஒரே அகலத்துக்கு வந்தாக வேண்டும். 68 உடன் மூன்று ஸ்பேசர் சேர்ந்தால் 75.5. 73 உடன் ஒரு ஸ்பேசர் சேர்ந்தாலும் 75.5. கணக்கு இவ்வளவுதான். உங்கள் 73 மி.மீ. ஷெல்லுக்கு ஒன்றே ஒன்று, அது வலப்பக்கம். இடப்பக்கம் எதுவும் வேண்டாம், மிச்ச இரண்டையும் டப்பாவில் போட்டு வையுங்கள். 68 மி.மீ. என்றிருந்தால் வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. கப்புக்கும் ஷெல்லுக்கும் நடுவே பொருந்தும் வகையிலான முன்பக்க டீரெய்லரோ (செயினை ஒரு ரிங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) செயின் நழுவாமல் பிடிக்கும் செயின் கைடோ வைத்திருந்தால், அதன் தகடு வலப்பக்கத்தில் ஒரு ஸ்பேசரின் இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது உங்கள் ஷெல்லுக்கு ஸ்பேசரே கிடையாது.

ஷெல்லின் அகலத்தை இஞ்ச் டேப்பால் அளந்திருந்தால் வெர்னியர் காலிப்பரால் இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். 68-க்கும் 70-க்கும் 73-க்கும் டேப்பில் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறைய.

இரண்டு கப்புக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் குழாய் வரும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீரும் மணலும் பேரிங்கின் முதுகுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். அதை ஒரு கப்பில் செருகி அப்படியே உள்ளே விட்டு, மறுபக்கக் கப்பை மாட்டும்போது குழாயின் முனை அதற்குள் சரியாகப் போய் உட்காருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிரேமுக்குள்ளே போகும் கேபிள்கள் இருந்தால் அவை குழாய்க்கு வெளியேதான் ஓட வேண்டும், அச்சில் உரசக் கூடாது.

இறுக்கும் அளவு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 16 கிலோ எடை தொங்கினால் வருவது கிட்டத்தட்ட 40. ஓரளவு பலமாகத்தான் இறுக்க வேண்டும், ஆனால் ஏறி மிதிக்க வேண்டியதில்லை. டார்க் ரெஞ்ச் இருந்தால் யூகமே வேண்டாம். கப்பின் வெளிப்புறப் பற்கள் ஆழமில்லாதவை என்பதால், கருவி சற்றுச் சாய்ந்தாலும் நழுவிப் பல்லை மொட்டையாக்கும், உங்கள் விரல் முட்டியையும் செயின் ஸ்டேயில் (பின்சக்கரத்துக்குப் போகும் ஃபிரேமின் கீழ்க் குழாய்) கொண்டுபோய் இடிக்கும். ஒரு கையால் கருவியைக் கப்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் இழுங்கள். பழைய வகைக் கப்புக்கு 44 மி.மீ. கருவி, ஷிமானோவின் புதிய சிறிய கப்களுக்கு மாடலைப் பொறுத்து 39 அல்லது 41 மி.மீ. கருவி. பெரியது சிறியதில் நிற்காது, ஆகையால் கருவி வாங்குமுன் கப்பை அளந்துவிடுங்கள்.

கப்கள் முடிந்தால் கஷ்டமான பாதி முடிந்தது. அச்சில் மெல்லிய கிரீஸ் தடவி, செயின் ரிங் (செயின் ஓடும் முன்பக்கப் பற்சக்கரம்) உள்ள வலக் கிராங்க்கை வலப்பக்கத்திலிருந்து செருகுங்கள். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போகும், கடைசிச் சில மில்லிமீட்டர் இறுக்கமாக இருக்கும். ரப்பர் சுத்தியலால் அச்சின் நேர் மேலே கிராங்க்கில் இரண்டு தட்டு தட்டினால் போய்விடும். இரும்புச் சுத்தியல் பக்கத்திலேயே வரக் கூடாது.

மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பற்களில் இடக் கிராங்க்கை வலதுக்கு நேரெதிராக வைத்துச் செருகுங்கள். சில பற்கள் மற்றவற்றைவிட அகலம், அதனால் தப்பான கோணத்தில் ஏறாது. பிறகு இடக் கிராங்க்கின் நடுவில் வரும் பிளாஸ்டிக் மூடியை நட்சத்திர வடிவச் சின்ன பிளாஸ்டிக் கருவியால் திருகுங்கள். இங்கேதான் பெரும்பாலானோர் கெடுப்பது. இந்த மூடி கிராங்க்கைப் பிடித்து வைக்கும் போல்ட் கிடையாது. பேரிங்கில் உள்ள ஆட்டத்தை எடுப்பதுதான் அதன் ஒரே வேலை, 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர் போதும். ஜாம் பாட்டில் மூடியைத் திருகுவதைவிடக் குறைவு. விரல் நுனியால் திருகி, தடை தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். நண்பர் ஒருவர் இது எப்படிக் கிராங்க்கைத் தாங்கும் என்று சந்தேகப்பட்டு இடுக்கியால் திருகினார். கிராங்க் அம்மிக்குழவி போலச் சுற்றியது, நான்கே மாதத்தில் பேரிங் கரகரத்தது.

அடுத்தது கிராங்க்கின் பிளவுக்குள் இருக்கும் சின்னப் பூட்டுத் தகடு. அதை உள்ளே தள்ளினால் அதன் முளை அச்சில் உள்ள ஓட்டையில் போய் விழ வேண்டும். விழுந்தால், இடக் கிராங்க் அச்சில் போதுமான தூரம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விழவில்லையா, ஸ்பேசர் அதிகம் போட்டிருக்கிறீர்கள், அல்லது வலக் கிராங்க் முழுதாக உள்ளே போகவில்லை. தகட்டை வளைத்து உட்கார வைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், கிராங்க் ஓட்டத்தில் கழன்றுவிடும்.

கடைசியாக, இடக் கிராங்க்கின் பிளவை நெருக்கி அச்சோடு பிடிக்க வைக்கும் இரண்டு பிஞ்ச் போல்ட்டும், 5 மி.மீ. அலன் கீயால். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்கி, ஒவ்வொன்றும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்கு வாருங்கள். கிராங்க்கை உண்மையில் பிடித்திருப்பவை இவைதான்.

பிறகு இடக் கிராங்க்கின் நுனியைப் பிடித்துச் செயின் ஸ்டே பக்கமாக உள்ளும் புறமும் ஆட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்றால் ஆட்டம் மிச்சம் இருக்கிறது. அப்போது மூடியை மட்டும் மேலும் இறுக்கினால் எதுவும் நடக்காது, பிஞ்ச் போல்ட் இறுகியிருக்கும்போது கிராங்க் நகராது, பிளாஸ்டிக் மூடிதான் உடையும். முதலில் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, மூடியை இன்னும் ஒரு நூல் திருகி, மறுபடி போல்ட். சுற்றிவிட்டால் கிராங்க் இரண்டு மூன்று சுற்றில் நின்றுவிடுகிறதே என்று பதற வேண்டாம். புது பேரிங்கின் சீல் இறுக்கமாகத்தான் இருக்கும். வீடியோக்களில் காத்தாடி மாதிரி சுற்றுவதில் பல, சீலைக் கழற்றி கிரீஸைத் துடைத்துவிட்டு எடுத்தவை.

செயின் ரிங்குக்கும் செயின் ஸ்டேக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா, இரண்டு கிராங்க்கும் ஸ்டேயிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உங்கள் ஃபிரேமின் பின்பக்க ஹப் (சக்கரத்தின் மையம்) பூஸ்ட் எனப்படும் 148 மி.மீ. அகல வகை என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பூஸ்ட்டில் கேசட் (பின்பக்கப் பற்சக்கரத் தொகுப்பு) 3 மி.மீ. வெளியே தள்ளியிருக்கும், செயின் லைனும் (ஃபிரேமின் நடுவிலிருந்து செயின் ரிங் வரை உள்ள தூரம்) அதற்கேற்ப 52 மி.மீ. வாக்கில் வர வேண்டும். பழைய மூன்று ரிங் கிராங்க் 50-ஐ ஒட்டி வடிவமைத்தது. ஒற்றை ரிங் போட்டு ஓட்டினால் ஓடும், ஆனால் கேசட்டின் வெளிப்பக்கச் சின்னப் பற்சக்கரத்தில் செயின் கொஞ்சம் அதிகமாகச் சாயும்.

உங்கள் கிராங்க் வேறு வகையாக இருந்திருந்தால் கதையும் கொஞ்சம் மாறும். ஸ்ராம் நிறுவனத்தின் டப் வகையில் அச்சு 28.99 மி.மீ., ஒரே பெரிய போல்ட் சுமார் 54 நியூட்டன் மீட்டருக்கு இறுகும். ஆட்டத்தை எடுக்க இடப்பக்கம் தனி வளையம் இருக்கும். மரை இல்லாமல் கப்பை அழுத்தி இறக்கும் பிரஸ் ஃபிட் ஷெல் என்றால் உள்விட்டத்தை அளக்காமல் எதையும் வாங்காதீர்கள். 41, 42, 46 என்று மூன்று அளவு புழக்கத்தில் இருக்கிறது. கப்பை அதற்கான பிரஸ் கருவியால் நேராக அழுத்தியே இறக்க வேண்டும். மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் அடிப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன், பிறகு கிறீச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு அலைவதையும் பார்த்திருக்கிறேன்.

பழைய சதுர முனை அச்சு இன்றும் நிறைய சைக்கிள்களில் ஓடுகிறது. அதில் கிராங்க் போல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கியே ஆக வேண்டும். ஒரு முறை இடக் கிராங்க் லேசாக ஆடுவது தெரிந்தும், வீடு பக்கம்தானே என்று எட்டு கிலோமீட்டர் மிதித்தேன். ஸ்டீல் அச்சு அலுமினியச் சதுரத்தை வட்டமாக்கிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை, கிராங்க்கைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. கழற்றும்போது இன்னொரு எச்சரிக்கை: போல்ட்டோடு உள்ளே இருக்கும் வாஷரையும் எடுத்துவிட்டுத்தான் கிராங்க்கை இழுத்துக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டரை மாட்ட வேண்டும். வாஷர் உள்ளே இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் இரண்டே மரையில் பிடித்துக்கொண்டு நிற்கும், இழுத்ததும் கிராங்க்கின் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

உங்கள் சைக்கிளுக்குத் திரும்பினால், முதல் இரண்டு மூன்று சவாரிக்குப் பிறகு பிஞ்ச் போல்ட்டுகளை மட்டும் ஒரு முறை டார்க் ரெஞ்ச்சால் தொட்டுப் பாருங்கள். மிதிக்கும்போது ‘கிளிக்’ என்று சத்தம் வந்தால் உடனே பாட்டம் பிராக்கெட்டைக் கழற்ற உட்காராதீர்கள். பெடல் கட்டைகளைக் கழற்றி மரையில் கிரீஸ் தடவி மறுபடி மாட்டுங்கள், செயின் ரிங் போல்ட்டுகளைப் பாருங்கள், சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். எழுந்ததும் சத்தம் நின்றுவிட்டால் அது சீட் போஸ்ட்.